கேட்டுச் செய்க



காதால் கேட்பதற்கென்றே அமைந்த வானொலியில், காது கேளாத ஒருவரைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவது உங்களுக்குச் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். அவர் வேறு யாரும் அல்லர். என்னைப் பெற்ற தாயார்தாம். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய செவிப்புலன் மெல்ல மெல்லக் குறையத் தொடங்கியது. முதலில் கதவு தட்டும் ஓசை கேட்கவில்லை. பிறகு பேரக் குழந்தைகளின் மழலை கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் கூடியிருந்து எதையேனும் சொல்லிச் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு, மற்றவர்கள் சிரித்து ஒரு கணம் கழித்தே வரும். பேச்சைக் கேட்டுச் சிரித்த சிரிப்பன்று அது; எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அதை நான் உணர்ந்துகொள்ளவே பல மாதங்கள் ஆயின.

நான் மின்னணுவியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன். ஆகவே மகனுக்குரிய கடமையுணர்ச்சியோடு ஆசிரியனுக்குரிய பெருமையும் சேர்ந்துகொள்ள, உயர்ந்த விலையில் காதுக் கருவி ஒன்றை வாங்கி வந்தேன். காதின் பின்புறம் மாட்டிக்கொள்ளும் வகை. மொச்சைக் கொட்டையைவிடச் சற்றே பெரியது. அந்தச் சிறிய கூட்டுக்குள் ஒலியை வாங்கும் உறுப்பு, அதைப் பெருக்கும் உறுப்பு, பெருக்கியதைக் காதுக்குள் செலுத்தும் உறுப்பு அனைத்தும் அடங்கியிருந்தன.

கருவியைத் தாயாரின் காதில் மாட்டிவிட்டு அதன் வரலாற்றையும் அவருக்கு விரித்துரைத்தேன். ஒரு காலத்தில் இத்தகைய கருவிகள் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இயங்கின. அவற்றுக்கு வேண்டிய மின்கலங்களைச் சட்டைப் பையிலோ இடுப்பிலோ சுமந்து திரிய வேண்டியிருந்தது. டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதும், அது பொதுமக்கள் கைக்கு வந்து சேர்ந்த முதற்பொருள்களுள் ஒன்று காதுக் கருவிதான். 1952ஆம் ஆண்டின் இறுதியிலேயே அது விற்பனைக்கு வந்துவிட்டது. டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகூட அதற்குப் பின்னர் வந்ததே. இவற்றையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, தாயார் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் அதை அணிந்தார். பிறகு அது அவருடைய வெற்றிலைப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதங்கள் அங்கேயே உறங்கியது. தாயார் பழையபடி பேச்சற்றவராகிவிட்டார். திண்ணைக்கு வந்து அமர்வதையும் விட்டுவிட்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வயதானவர்களுக்குப் புதுப் பொருளின்மேல் அச்சம் என்று நினைத்தேன். காதில் கருவி மாட்டிக்கொள்வது நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம் என்று நினைத்தேன். பிடிவாதம் என்றும் நினைத்தேன். நினைத்தேனே தவிர, ஒருமுறைகூட அவரைக் கேட்கவில்லை.

ஒருநாள் மாலை மின்சாரம் நின்றுவிட்டது. வேறு வேலை ஒன்றும் ஓடாமல் அவர் அருகில் போய் அமர்ந்து, உரத்த குரலில், "அம்மா, அந்தக் கருவியை ஏன் போட்டுக்கொள்வதில்லை?" என்று கேட்டேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்குக் காது கேட்கவில்லை, அப்பா. நீயோ கேட்கவே இல்லை."

நண்பர்களே, நம் மொழியில் 'கேள்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. செவியால் கேட்பதும் கேட்டல், வினவுவதும் கேட்டல். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே அச்சொல் அறிந்தோர் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்பதைக் குறிக்கிறது. இன்று நாம் கேள்வி என்றால் வினாவையே நினைக்கிறோம். என் தாயார் அந்த ஒரே சொல்லால் என் கல்வி முழுவதையும் எடை போட்டுவிட்டார்.

பின்னர் அவர் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றுள் நான் ஊகித்தது ஒன்றுகூட இல்லை. அவர் மூக்குக் கண்ணாடி அணிபவர். கண்ணாடியின் காம்பும் கருவியும் காதின் பின்னே ஒரே இடத்துக்குப் போட்டியிட்டன. கண்ணாடியைக் கழற்றினால் கருவியும் கூடவே கழன்று விழும். ஒருமுறை மோர்ப் பாத்திரத்திலேயே விழுந்துவிட்டதாம். அதன் மின்கலமோ துவரம்பருப்பு அளவு. காற்றை உள்வாங்கி இயங்கும் துத்தநாக மின்கலம் அது. மேலே ஒட்டியுள்ள தாளை உரித்தவுடன் வேலை செய்யத் தொடங்கிவிடும். பிறகு கருவியைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அதன் ஆயுள் குறைந்துகொண்டே போகும். நடுங்கும் விரல்களால் அதை எடுத்து, மங்கிய கண்ணால் எந்தப் பக்கம் மேலே என்று பார்த்துப் பொருத்த வேண்டும். "வாரந்தோறும் மருமகளைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை" என்றார். சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் தலைக்குள் இடி விழுந்ததுபோல் இருந்ததாம். கருவியின் நிறம் தோலின் நிறத்தை ஒத்திருந்தது. யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் பாயின்மேல் விழுந்தால் அவருக்கே அது தெரியவில்லை!

சிறுமையே அந்தக் கருவியின் சிறப்பு என்று நான் பாடம் நடத்தியிருந்தேன். அவருக்கு அதுவே குற்றமாக இருந்தது.

இது ஒரு வீட்டுக் கதை. ஆனால் ஒரு வீட்டோடு நின்றுவிடும் கதையன்று. உலகில் கேட்புத் திறன் குறைந்து மருத்துவ உதவி தேவைப்படுவோர் 43 கோடிக்கு மேற்பட்டோர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மேலும், உடலில் அணியும் கருவிகள் இன்று பெருகி வருகின்றன. இதயத் துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம், நடந்த அடிகளைக் கணக்கிடும் பட்டை, இரத்தத்தின் சர்க்கரை அளவைத் தோலின் வழியே அறிந்து சொல்லும் வில்லை என்று நாள்தோறும் புதியவை வருகின்றன. நாளை இவற்றை உருவாக்கப்போகிறவர்கள் நீங்கள். ஆகவேதான் இந்தப் பேச்சு.

மேசைமேல் வைக்கும் கருவி வேறு. மேனியில் அணியும் கருவி வேறு. மேசைமேல் உள்ள கருவி நமக்கு ஒத்துவராவிட்டால் எழுந்து போய்விடலாம். அணியும் கருவியோ நம்மோடு உண்கிறது, நம்மோடு உறங்குகிறது, நம் வியர்வையிலும் எண்ணெயிலும் நனைகிறது. அது நம் வாழ்க்கை முறைக்கு இணங்கவில்லையென்றால், நாம் அதைக் கழற்றி வைத்துவிடுவோம். கழற்றி வைக்கப்பட்ட கருவி எத்துணை நுட்பமானதாயினும் அதனால் யாருக்கும் பயனில்லை.

இந்த உண்மையை நன்கு உணர்ந்து செயல்பட்டவர்களின் வரலாறு ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1960களில் ஜெய்ப்பூரில் உள்ள சவாய் மான்சிங் மருத்துவமனையில் பிரமோத் கரண் சேத்தி என்ற எலும்பு மருத்துவர் பணியாற்றி வந்தார். காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் கிடைத்தும், அவர்களுள் பலர் சில காலத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் ஊன்றுகோலோடு நடமாடுவதை அவர் கண்டார். 'நன்றி இல்லாதவர்கள்' என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. ஏன் என்று ஆராய்ந்தார்.

அக்காலத்துச் செயற்கைப் பாதம் மேலைநாட்டு வாழ்க்கையை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. அதன் கணுக்கால் வளையாது. அதன்மேல் மூடிய காலணி அணிந்தாக வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, சமதரையில் நடந்து, காலணியோடு வீட்டுக்குள் உலாவும் ஒருவருக்கு அது போதும். நம் உழவருக்கு அது எவ்வாறு போதும்? அவர் சேற்றில் இறங்க வேண்டும். வரப்பில் நடக்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு உண்ண வேண்டும். குந்தி அமர வேண்டும். கோயிலுக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் காலணியோடு நுழைய முடியாது. ஆகவே அந்தக் கால் அவரை நடக்க வைத்தது. ஆனால் வாழ விடவில்லை.

அம்மருத்துவமனையில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர் ஒருவர் இருந்தார். பெரிய பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஆனால் கைகளில் கலை குடிகொண்டிருந்தது. மருத்துவருடைய உடற்கூற்று அறிவும் கைவினைஞருடைய கைத்திறனும் ஒன்று சேர்ந்தன. லாரி டயர்களுக்குப் புது ரப்பர் பதிக்கும் தொழிலிலிருந்து அவர்களுக்கு வழி பிறந்தது. பாதத்தின் முன்பகுதிக்கும் குதிகாலுக்கும் மெத்தென்ற ரப்பர், கணுக்காலுக்கு இலேசான மரக்கட்டை, இவற்றைச் சுற்றிச் சூட்டில் இறுக்கிய உறுதியான ரப்பர் உறை என்று அமைத்தார்கள். உறைக்கு நம் மக்களின் தோல் நிறம். முன்னே ஐந்து விரல்கள். காலணி வேண்டியதில்லை. ஈரத்தில் நனையலாம். மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது வளைந்து கொடுத்தது. குந்தி அமரவும் இடம் தந்தது. 1968ஆம் ஆண்டையொட்டி உருவான அந்தப் பாதமே இன்று 'ஜெய்ப்பூர் கால்' என்று உலகெங்கும் வழங்குகிறது.

1975இல் டி. ஆர். மேத்தா என்பவர் நிறுவிய தொண்டு நிறுவனம் அதை ஏழைகளுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கியது. 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே 1981ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நேர்ந்த பேருந்து விபத்தில் சிக்கி, அதன் விளைவாக ஒரு காலை இழந்த இளம்பெண் சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலை அணிந்து இடைவிடாது பயின்று, மீண்டும் மேடையேறிப் பரதநாட்டியம் ஆடினார். நடப்பதற்கு மட்டும் கால் கேட்டவரல்லர் அவர், ஆடுவதற்குக் கேட்டவர். மனிதனுக்குத் தேவை என்று ஒன்று உண்டு. விருப்பம் என்று மற்றொன்றும் உண்டு. அணியும் கருவியைச் செய்கிறவன் இரண்டையும் மதிக்க வேண்டும்.

ஜெய்ப்பூர்க் கால் குறையே இல்லாதது என்று நான் சொல்லமாட்டேன். அதன் எடை சற்று அதிகம். கையால் செய்யப்படுவதால் ஒன்றுபோல் மற்றொன்று அமைவதில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஓட விரும்பும் இளைஞருக்கு வேறு வகைக் காலே ஏற்றது. இதிலிருந்து நாம் மற்றொரு பாடத்தையும் கற்கிறோம்: 'இந்தியருக்கு ஏற்றது', 'முதியவருக்கு ஏற்றது', 'சராசரி மனிதருக்கு ஏற்றது' என்றெல்லாம் ஒரே வார்ப்பில் எதையும் வார்த்துவிட முடியாது.

இந்தச் சராசரி மனிதரைப் பற்றி ஒரு சுவையான வரலாறு உண்டு. 1950ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப்படையினர் தம் விமானிகளின் உடல் அளவுகளைத் திரட்டினர். விமானியின் இருக்கை, கருவிகளின் தூரம், தலைக்கவசம் ஆகியவற்றைச் சராசரி அளவுக்குச் சரியாக அமைத்துவிட்டால் எல்லோருக்கும் பொருந்தும் என்பது அவர்களுடைய எண்ணம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்: 'இந்தச் சராசரி விமானி உண்மையில் எத்தனை பேர்?' உயரம், மார்பளவு, கையின் நீளம் போன்ற பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு 4,063 விமானிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி அமைந்தவர் ஒருவர்கூட இல்லை! எல்லோருக்கும் என்று செய்த இருக்கை எவருக்கும் உரியதன்று என்பது அப்போது விளங்கிற்று. பிறகுதான் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய இருக்கையும், இழுத்துக் கட்டக்கூடிய வார்களும் முறையாக வந்தன. மனிதனைக் கருவிக்கு ஏற்ப வளைப்பதை விட்டுக் கருவியை மனிதனுக்கு ஏற்ப வளைத்தார்கள்.

கேளாமல் செய்வதால் வரும் தீங்கு வசதிக் குறைவோடு நின்றுவிடுவதில்லை. சில நேரங்களில் உயிருக்கே ஊறு நேரிடும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்றின்போது நம் வீடுகள் பலவற்றில் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் வந்து சேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்தி, இரத்தம் எவ்வளவு ஒளியை உட்கொள்கிறது என்பதைக் கொண்டு அது பிராணவாயுவின் அளவைச் சொல்கிறது. ஆனால் தோலின் நிறப்பொருளும் ஒளியை உட்கொள்ளும் அல்லவா? 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அளவு சரியாக இருப்பதாகக் கருவி காட்டியபோதும் உண்மையில் பிராணவாயு குறைந்திருந்த நேர்வுகள், வெள்ளையர்களிடையே 3.6 விழுக்காடாகவும் கறுப்பினத்தவரிடையே 11.7 விழுக்காடாகவும் இருந்தன. ஏறக்குறைய மூன்று மடங்கு! கருவி யாரையும் வெறுக்கவில்லை. அதற்கு வெறுக்கத் தெரியாது. எல்லா நிறத்தவருடைய விரல்களையும் வைத்துப் போதிய அளவு சோதிக்காமல் விட்டது மனிதர்களின் குறை.

ஆகவே, மாணவ நண்பர்களே, நீங்கள் கருவி செய்யும் நாள் வரும்போது மூன்று காரியங்களை மறவாதீர்கள்.

முதலாவது, அதை அணியப்போகிறவரோடு ஒரு முழு நாள் இருந்து பாருங்கள். அவர் துயிலெழுவது முதல் உறங்கச் செல்வது வரை அவருடைய கைகள் என்ன செய்கின்றன, எப்போது நனைகின்றன, எப்போது நடுங்குகின்றன என்று பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் தோன்றாத கேள்விகள் அடுக்களையிலும் வயல் வரப்பிலும் தோன்றும். வீட்டில் ஒரு முழு நாள் வேண்டாம், ஒரு முற்பகல் என் தாயாரோடு இருந்திருந்தால் கண்ணாடிக் காம்பை நானே கண்டிருப்பேன்.

இரண்டாவது, 'இது நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். நம் மக்கள் நாகரிகம் மிகுந்தவர்கள். எதிரே நிற்பவர் மனம் நோகக்கூடாது என்று 'நன்றாக இருக்கிறது' என்றே சொல்வார்கள். என் தாயாரும் முதல் வாரம் முழுவதும் அப்படித்தான் சொன்னார். 'எப்போது கழற்றி வைத்தீர்கள்?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை நூறு பாராட்டுகளைவிடப் பயன் தரும்.

மூன்றாவது, ஒருவருக்கு ஏற்றதை எல்லோருக்கும் ஏற்றது என்று கொள்ளாதீர்கள். மாற்றிக்கொள்ள இடம் வையுங்கள். கூட்டவும் குறைக்கவும், இறுக்கவும் தளர்த்தவும் அணிபவர் கையிலேயே உரிமை இருக்கட்டும். அந்தக் கருவி தொகுக்கும் செய்திகளும் அவருக்கே உரியவை. நாடித்துடிப்பும் உறக்கமும் ஒருவருடைய அந்தரங்கம். அவற்றை யாருக்குச் சொல்லலாம் என்பதையும் அவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

என் தாயாரின் கதை என்னவாயிற்று என்று நீங்கள் அறிய விரும்பலாம். அந்த மாலைக்குப் பிறகு அவரையே உடன் அழைத்துக்கொண்டு செவித்திறன் வல்லுநர் ஒருவரிடம் சென்றேன். இம்முறை நான் வாய் திறக்கவில்லை. அவரே பேசினார். இரவில் பெட்டியில் வைத்தால் தானே மின்னேற்றம் பெற்றுக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுத்தார். இனி மருமகளைக் கூப்பிட வேண்டியதில்லை. காதின் பின்னே கண்ணாடிக்கும் இடம் விடும்படி மெலிந்த உடல் கொண்ட கருவியாக அது இருந்தது. திடீரென்று எழும் ஓசையை அடக்கும்படி வல்லுநர் அதைத் திருத்தினார். சோதித்துப் பார்ப்பதற்காகத் தாயார் வீட்டிலிருந்தே ஒரு தட்டும் கரண்டியும் கொண்டுவந்திருந்தார்! நிறம் எது வேண்டும் என்று கேட்டபோது, "நல்ல சிவப்பாகக் கொடுங்கள், விழுந்தால் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அதில் ஒரு நூலைக் கட்டி ரவிக்கையோடு ஊசியால் கோத்துக்கொண்டார். அந்த நூல் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. என் மாணவர்களுக்கு நான் அதைக் காட்டியிருக்கிறேன்.

குறை முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. திருமண வீட்டுக் கூட்டத்தில் அவர் இன்னும் அதைக் கழற்றிவிடுகிறார். பல குரல்கள் கலந்து வரும்போது ஒரு குரலும் தெளிவாக இல்லையாம். அதற்கு வழி காண வேண்டியவர்கள் உங்கள் தலைமுறையினர். ஆனால் இப்போது அவர் திண்ணைக்கு வந்து அமர்கிறார். வீட்டில் யாரேனும் நகைச்சுவையாகப் பேசினால், மற்றவர்களோடு கூடவே சிரிக்கிறார். சில நேரங்களில் மற்றவர்களுக்கு முன்பே சிரித்துவிடுகிறார்.

இந்தப் பேச்சையும் அவர் இப்போது கேட்டுக்கொண்டுதான் இருப்பார். நான் வீடு திரும்பியதும் இதில் எங்கெங்கே தவறாகச் சொன்னேன் என்று எடுத்துச் சொல்வார். இம்முறை நான் கேட்டுக்கொள்ளப் போகிறேன்.